மணல்தொட்டியின் நாலு குழாய்

பூதம் என்ற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, கல்யாணம் பேசி முடித்த வாரத்தில். "பூதம் வீட்டுக்கா மருமகளா போறே? பார்த்தும்மா, தூரத்துல வந்தா பல்லு மட்டுந்தான் தெரியும்!" என்று தையல்காரர் சிரித்தார்.  கல்யாணமாகி வந்து பார்த்தால், மாமனார் வாய்க்கு வலிக்குமோ என்று பேசுகிற மனிதர். ஆற்று நடுவிலிருந்த தீவில், ஊர்க்குப்பையைப் படகில் கொண்டுவந்து எரிக்கும் உலையில் முப்பத்தோரு வருஷ வேலை. சாம்பல் பூசி வெளியே வரும் கோலத்துக்கு, அவருடைய அக்கா புருஷன் (அந்தக் குப்பைப் படகை ஓட்டினவர்) வைத்த பெயர் அது.

பிறகு உலையை மூடினார்கள். பாலம் வந்தது, புல் வந்தது, அடுக்குமாடி வந்தது. அவள் புருஷன் அங்கேயே மூன்றாவது மாடியில் வீடு பிடித்தான். மாமனார் மட்டும் பழைய வீட்டை விட்டு வரவில்லை. "அங்க வந்தா எனக்கு இன்னும் புகைநாத்தம் அடிக்கும்மா" என்பார்.

நாலு மாதம் கழித்து, பேத்தி போனில் அழுது அடம்பிடித்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துப் பூங்காவின் மணல்தொட்டிக்கு இழுத்துப் போனாள். நாலு மூலையிலும் இரும்புக் குழாய், மஞ்சள் பெயின்ட், சுற்றிக் கலர்க் கயிறு.

மாமனார் அப்படியே நின்றுவிட்டார். 

"இந்தக் குழாயை நட்டது யாரும்மா?"

"பூங்கா கட்டினவங்கதான். ஏன் மாமா?"

"இல்லம்மா. நான் நட்டது."

ஒரு வருஷம் உலை வெடித்து மூன்று மாதம் எரியவில்லையாம். ஆஸ்பத்திரிக் குப்பை மலையாய்க் குவிந்ததாம். புதைத்துவிடு என்றாராம் மேஸ்திரி. புதைத்த குழியை யாரும் மறுபடி கிளறாமலிருக்க நாலு மூலையிலும் குழாய் நடுவது உலைக்காரர்களின் வழக்கம். எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. பூங்கா கட்ட வந்தவர்கள் அதைச் சர்வேக்காரர் போட்ட எல்லை என்று நினைத்து, அளவு பிசகாமல் அதற்குள்ளேயே மணலைக் கொட்டிவிட்டார்கள்.

 மாமனார் குழந்தையின் பிளாஸ்டிக் கரண்டியை வாங்கி ஒரு முழம் தோண்டினார். மணல் முடிந்து கறுப்புச் சாம்பல். அதில் ரப்பர் மூடியோடு ஒரு மருந்துக் குப்பி.

"ஐ! என்கிட்ட இதே மாதிரி ஏழு இருக்கு தாத்தா. கட்டிலுக்கு அடியில கடை வெச்சிருக்கேன்!"

வாரித் தூக்கிய வேகத்தில் அவள் செருப்பு அறுந்தது. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் ஒரு சின்னக் கீறல்.

"ஏன் மாமா முன்னாடியே சொல்லலை?"

"எல்லாத்தையும் அள்ளிட்டுத்தான் புல்லு போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்மா. புத்தி கெட்டவன்."

டாக்டர் ரத்தம் எடுத்தார். ஒன்றுமில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். 

மறுநாள் பூங்கா அலுவலகத்தில், "பெரியவரே, எங்க வரைபடத்துல குழியே இல்லையே" என்றார்கள்.

"படத்துல எப்படி இருக்கும்? குப்பையை யாரு படம் வரைஞ்சா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்த ஏழு குப்பியையும் மேசைமேல் அடுக்கினார் மாமனார். "இது ஒரு குழி. இன்னும் எட்டு இருக்கு."

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

இரண்டாவது பரிசோதனையிலும் குழந்தைக்கு ஒன்றுமில்லை. மகன் குடும்பம் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது. பூதம் இப்போது தீவில் இருக்கிறார். பூங்காவைச் சுற்றி அடைத்த தகர வேலிக்குள், தோண்டும் வண்டிக்காரருக்கு ஆறாவது குழியைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.