டத்தோ வருவதற்குள் முதல் பாடம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, கணினித் துறையில் பிழைக்கும் பத்துப் பேரைக் கூட்டினேன். புரோகிராமிங் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு எளிய தமிழில் பாடங்கள் எழுதுவது திட்டம். எழுதுவது புரிகிறதா என்று பார்க்க, கிள்ளானிலிருந்து என் அக்காவையும் இழுத்து வந்திருந்தேன். அவள் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கிராணி, கணக்கு எழுதுபவள். வேலை மொத்தமும் கணினிக்கு மாறிக்கொண்டிருந்ததால் இரண்டு வகுப்புகளில் சேர்ந்து, இரண்டிலிருந்தும் பாதியில் ஓடி வந்தவள்.

“இன்னிக்கும் மண்டையில ஏறலன்னா விட்டுர்றேன்லா தம்பி. திரும்பக் கூப்பிடாத,” என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

நம் ஆட்கள் பத்துப் பேர் கூடினால் அது கூட்டமல்ல, நிகழ்ச்சி. குத்துவிளக்கு வந்தது, பொன்னாடை வந்தது. சிறப்பு விருந்தினராக ஒரு டத்தோவை, அதாவது அரசாங்கப் பட்டம் வாங்கிய பிரமுகரை, யாரோ அழைத்திருந்தார்கள். அவர் அம்பாங்கில் சாலை ஜாமில் மாட்டியிருந்தார். பாடத்தையாவது தொடங்குவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

முதல் பாடம், திரையில் ஒரு வரியை வரவழைப்பது. மற்ற பாடங்களில் ஒரு வணக்கத்தோடு முடித்துக்கொள்வார்கள். நம்மவர்களுக்கு மொட்டையாக வணக்கம் சொல்ல மனம் வரவில்லை. கூட்டத் தலைவரை எப்படி விடுவது, டத்தோ கோபித்துக்கொள்வாரே என்று ஆளுக்கொரு வரி சேர்த்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் பாடம் முழு வரவேற்புரையாகியிருந்தது. டத்தோவின் பெயர் மட்டும் நான்கு இடத்தில். அக்கா மட்டும் இல்லையென்றால், எனக்கு வந்த எரிச்சலில் மண்டபச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

அக்கா அத்தனையையும் பொறுமையாகத் தட்டினாள். பிறகு கேட்டாள்.

“கடைசி நேரத்துல வேற ஆளு வந்தா? நாலு இடத்துலயும் மாத்தணுமா?”

கோயில் திருவிழாக் கமிட்டியில் வருடாவருடம் அடிபட்டவளுக்கு வரும் சந்தேகம் அது. எனக்கு உயிர் வந்தது. பெயரை மேலே ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம், மற்ற இடங்களெல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் என்று காட்டினேன். இதற்கு மாறி என்று பெயர் என்றேன்.

அவள் டத்தோவின் பெயரை அழித்தாள். கொஞ்சம் யோசித்து, தன் பெயரைப் போட்டு நிரலை ஓட்டினாள். திரை நான்கு இடத்திலும் அவளை டத்தோ என்று அழைத்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பழக்கதோஷத்தில் மண்டபமே கைதட்டியது.

அந்த நேரம் பார்த்து நிஜ டத்தோ உள்ளே நுழைந்தார். கைதட்டல் தனக்கென்று நினைத்து, இரு கைகளையும் கூப்பிக் குனிந்தார். பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். அக்கா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“தம்பி, அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது பாடத்த எழுதிருங்கடா.”