ஒரகடம் சந்தில் புது சைலன்சர்

ஒரகடத்தில், கம்பெனிகளுக்குப் பின்னால், வாடகை அறைகள் வரிசையாக இருக்கும் சந்தில் பைக்கை நிறுத்துகிறேன். கன்னியாகுமரி வரை வண்டி நன்றாக இழுக்கும் என்று நம்பி மாற்றிய புது சைலன்சர், போல்ட் தளர்ந்து ஆடுகிறது. நானே ஸ்பேனரால் முடுக்குகிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், முதலில் பைக் வாங்கியவள் என்ற மிதப்பு எனக்கு உண்டு. வேலை முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முறுக்குகிறேன். சந்தே அதிர்கிறது.

கதவுகள் திறக்கின்றன. நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண், சிவந்த கண்களோடு வெளியே வருகிறார்.

"இன்னாம்மா இது? இப்பதான் படுத்தோம்."

"பட்டப்பகல்லயா அக்கா?"

"உனக்குப் பகலு. நாங்க நைட் ஷிப்ட்டு. சாயந்திரம் மறுபடி கம்பெனி லைன்ல நிக்கணும். மிஷின்கிட்ட கண்ணசந்தா கை போய்டும்."

"லாங் ரைடுக்கு இது..." என்று தொடங்கி, இன்ஜினை அணைக்கிறேன்.

மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போக நினைக்கிறேன். பின்சீட்டில் கட்டிய பயண மூட்டைகளின் கனத்தில் வண்டி நகரவில்லை. திடீரென்று லேசாகிறது. அந்த அக்கா பின்னாலிருந்து தள்ளுகிறார்.

"நீங்க போய்ப் படுங்கக்கா."

"நடுவுல ஸ்டார்ட் பண்ணிட்டீன்னா? ரோடு வரைக்கும் வரேன். தள்ளு."

ரோட்டில் விட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறார். அவர் கதவைச் சாத்தி வெகுநேரமாகியும் சாவியைத் திருப்பக் கை வரவில்லை.