அண்ணன் சொன்ன முடிவு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்திருப்பவர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. கடைசிவரை கூட இருந்தவள் என்பதால், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லது இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு வருவதைப் படித்துவிட்டு, மலரை வீட்டில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் குத்தகை நிலத்தை நம்பிய குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவள். அவர் பத்தாவது முடித்த வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போனார். என்னை மட்டும் நிறுத்த விடவில்லை. கரும்புச் சோகை கிழித்த கையோடு வந்து, அன்று என்ன பாடம் நடந்தது என்று என்னை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். நான் பின்னாளில் சத்துணவு அமைப்பாளராக வேலைக்குப் போனதும், ஒருவரை எதிர்பார்க்காமல் சாப்பிட்டதும் அவர் போட்ட பிச்சைதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பிறகு அவருக்குப் பேருந்து நடத்துநர் வேலை கிடைத்தது. முப்பது வருடத்தில் பெரும்பகுதி வெள்ளிமலைத் தடம். மலைமேல் வண்டி தங்கும் நாட்களில் பொழுது போவதற்காக நூலகத்துப் புத்தகங்களை எடுத்துப் போகத் தொடங்கியவர், நாவல் பைத்தியமாகவே ஆகிவிட்டார். டிக்கெட் பையோடு எப்போதும் ஒரு நாவல் இருக்கும். படிக்கத் தெரிந்த பயணி கிடைத்தால் கையில் திணித்துவிடுவார். திருப்பித் தரும்போது அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். சொன்னால் தொலைந்தோம்.

மலையில் சாமை, தினை விதைக்கும் கோவிந்தனை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் முதன்முதலாக வாங்கிப் போன நாவலைத் திருப்பித் தந்தபோது, மழை பெய்வதை நன்றாக எழுதியிருக்கிறார் என்றாராம். “மழைய பாக்கணும்னா ஒன் வூட்டு வாசல்ல நின்னு பாரேன்யா, அதுக்கு எதுக்கு நானூறு பக்கம்?” என்று அண்ணன் பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். அதன்பின் அந்தத் தடத்தில் கோவிந்தனுக்குப் பெயரே மழைக்காரர்தான். கோவிந்தன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நாவலையும் வாங்கிப் போனார்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை.

கள்ளக்குறிச்சியில் தட்டச்சுப் பயிலகத்து மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் வாசகர் வட்டத்தை அண்ணன்தான் தொடங்கினார். நானும் போனேன். அங்கே நான் வாய் திறந்தது ஒரே ஒருமுறை. ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்து அழுதுவிட்டேன் என்று சொன்னேன். அண்ணன் எழுந்து, “இவளுக்கு வெங்காயம் உரிச்சாகூட அழுகை வரும். அதுக்காக வெங்காயத்த நாவல்னு சொல்லிட முடியுமா?” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் பதினெட்டு வருடம் அந்த மாடியில் நான் டீ ஊற்றிக் கொடுத்தேன். எனக்குப் பற்றி எரிந்தது; டீ ஊற்றினால் அது அணைந்துவிடுமா என்ன.

அண்ணி காலமான பிறகு நானும் அண்ணனும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணம் இல்லை. ஓய்வு பெற்ற ஐந்தாம் வருடம் சர்க்கரை அண்ணனின் கண்ணைத் தின்றுவிட்டது. அதன்பிறகு தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் அவருக்கு நாவல் வாசித்துக் காட்டினேன். கதாபாத்திரத்தைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “நீ படி. கருத்து நான் சொல்லிக்கறேன்” என்பார். அதையும் கோபமாகச் சொல்ல மாட்டார். மின்விசிறியைக் குறைத்து வை என்பது போலச் சொல்வார்.

ஒரு நாவல். பெயர் எல்லோருக்கும் தெரியும், இங்கே வேண்டாம். அதில் ஒரு பெண் புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்து, நெடுஞ்சாலைச் சந்திப்பில் பேருந்துக்காக நிற்பாள். நம் உளுந்தூர்பேட்டை மாதிரி ஓர் இடம். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வாசிப்பை நிறுத்தியபோது, இவள் திரும்பிப் போக மாட்டாள் என்று தோன்றுகிறது என்றேன். “ஒன் வேலை படிக்கிறது” என்றார்.

அவர் தூங்கும்போது கடைசி அத்தியாயத்தை நானே முன்கூட்டிப் படித்துப் பார்த்தேன். புத்தகத்தில் அவள் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. என் பழைய நோட்டில் மூன்று பக்கம் எழுதினேன். என் முடிவில் அவள் பேருந்தை விட்டுவிடுகிறாள். எதிரே இருக்கும் ஓட்டலுக்குள் போய் இலை போடச் சொல்லி, வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறாள். கை கழுவிவிட்டு வந்து, இங்கே சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று கல்லாவில் கேட்கிறாள். மறுநாள் புத்தகத்துக்குள் நோட்டை வைத்து அதை வாசித்தேன். என் எழுத்து என்று தெரியாமல் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றுதான் வாசித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

வாசித்து முடித்து நிமிர்ந்தால் அண்ணன் கன்னத்தில் தண்ணீர். “இன்னா எழுத்தும்மா இது. சோறு கேக்கறா பாரு. நாப்பது வருஷமா படிச்சிக்கினு கீறேன், இப்பிடி ஒரு முடிவ கேட்டதில்ல” என்றார்.

என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மதியம் கிடையாது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயந்திரமே அண்ணன் உங்கள் எல்லோருக்கும் போன் போடச் சொல்லி, அடுத்த கூட்டத்துக்குள் அந்த நாவலைப் படித்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டார். கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. எல்லோரும் படித்துவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பயத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த மாடியில், அத்தனை பேர் முன்னால், அவர் வாயால் என் எழுத்தைப் புகழ்ந்து கேட்க வேண்டும். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தேன்.

நான்தான் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனேன். அவர் அந்த முடிவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அதைப் போல அவர் பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். கடைசியில் கோவிந்தன்தான் மெதுவாக, “சார், அந்தம்மா பஸ்ஸு ஏறிடுதுங்களே” என்றார். அண்ணன் சிரித்தார். கோவிந்தன் புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை வாசித்தார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“நீதானேம்மா படிச்ச. சொல்லு.”

“புஸ்தகத்துல கீறதத்தான்ணா படிச்சேன்.”

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. வயதாகிவிட்டது, பாவம் என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டீர்கள். ஒருவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் தராமல் அவர் வாயில் வைத்துப் புகட்டினார். அண்ணன் குடித்தார்.

அவர் மறுபடி அந்த மாடி ஏறவில்லை. தன் புத்தி கலங்கிவிட்டது என்று நம்பிவிட்டார். சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூளையில் ஒரு குறையும் இல்லை என்றார். டாக்டர் நாவல் படிக்கிற ஆள் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும் என்று அண்ணன் அதை ஒதுக்கிவிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லி, சரியா என்று என்னைக் கேட்பார். சரி என்பேன். ஒருநாள் ஏதோ எரிச்சலில், ஒன்றை விட்டுவிட்டாய் என்றேன். அவர் எதையும் விடவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் வாசிக்கும்போதெல்லாம் நடுவில் நிறுத்தச் சொல்லி, இது புத்தகத்தில் இருக்கிறதா, தானாக நினைத்துக்கொண்டதா என்று கேட்பார். இருக்கிறது என்பேன். ஒரு மனிதரை இதைவிடக் கேவலமாக நடத்த எனக்குத் தெரியாது.

கடைசி மாதத்தில் கோவிந்தன் மலைத்தேனோடு பார்க்க வந்தார். அண்ணன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த முடிவை முழுதாகச் சொன்னார். கோவிந்தன் எழுதிக்கொண்டார். “எழுதினவன் தோத்துட்டான்யா. இது என் தலையில வந்தது. புத்தி கலங்கினாலும் எனக்கு நல்லாத்தான் கலங்கியிருக்குது” என்று அண்ணன் சிரித்தார். கூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். என் மூன்று பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டார். நான் செய்த பாவத்துக்கு அது சரியான கூலிதான். ஆனாலும் வயிறு எரிந்தது.

கோவிந்தன் போன பிறகு, எழுபது வயதில் முதல்முறையாக, அண்ணன் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்.

“அந்த முடிவு ஒனக்கு எப்பிடிம்மா கீது?”

“பரவாயில்லண்ணா” என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் சிறுநீரகம் நின்றுபோய்க் காலமானார்.

அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை எனக்குச் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், முதல் பேருந்து பிடித்து வந்து பாடை தூக்கிய மலைக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். வாசகர் வட்டத்தாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணனின் புத்தி கடைசி மூச்சுவரை தெளிவாக இருந்தது. அன்று அவர் மாடியில் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. நான் வாசித்ததைத்தான் சொன்னார். நீங்கள் அவருக்குத் தண்ணீர் புகட்டியிருக்க வேண்டாம்.

போன மாதம் கோவிந்தன் வந்து, அந்த முடிவை அண்ணன் பெயரோடு இந்த மலரில் போட வேண்டும் என்றார். ஒரு வரிகூட எழுதாத மனிதர், அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான் என்று கண்கலங்கினார். நான் சரி என்றேன். அச்சகத்தில் அதற்கு மேலே அண்ணன் பெயரை அச்சுக்கோத்து வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். பெயரை எடுக்கச் சொல்லி என் பெயரைப் போடச் சொன்னேன். கோவிந்தன் எழுதிய தாளையும் வாங்கிக்கொண்டு, என் நோட்டைக் கொடுத்தேன். இந்தக் கட்டுரைக்கு அடுத்த மூன்று பக்கமும் அதுதான். படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.