எங்கள் டீமில் இரண்டு ஒன்பது

நேற்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், என் மகள் செல்போனில் யாரோடோ கத்திக்கொண்டிருக்கிறாள். வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் காது மரத்துப்போனவன். எனக்கே காதை அடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என்னவென்று விசாரித்தால், உலகத்திலேயே சிறந்த ஃபுட்பால் ஆட்டக்காரர் என்று இந்த வருஷம் யாருக்கோ பரிசு கொடுத்துவிட்டார்களாம், அந்த ஆளுக்கு அதற்குத் தகுதியே இல்லையாம். இவள் காலேஜ் டீமில் ஆடுகிறவள், அதனால் நியாயம் கேட்கும் உரிமை தனக்குத்தான் ஜாஸ்தி என்று நினைப்பு. அடுப்பில் தோசை தீய்ந்ததுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

பிராக்டீஸில் கால் பிசகி, கணுக்காலில் தைலம் தடவியிருந்தாள். கூடம் முழுக்க அந்த வாசனை. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பரிசு தப்பான ஆளுக்குப் போய்விட்டது என்று சண்டை போடுவதில் எனக்கும் என் காலேஜ் சிநேகிதர்கள் இரண்டு பேருக்கும் இருக்கும் அனுபவம் இந்த ஊரில் வேறு எவனுக்கும் கிடையாது. கால் நூற்றாண்டு சர்வீஸ் சார்.

அந்தத் தைல வாசனையை மோந்தால் எனக்கு எங்கள் காலேஜ் ஸ்டோர் ரூம்தான் ஞாபகம் வரும். தைலம், கோடு போடுகிற சுண்ணாம்பு, துவைக்காத சாக்ஸ், இதற்கெல்லாம் மேலே அவித்த மல்லாட்டை. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். ஏழுமலை கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவான், வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய அவித்துக்கொண்டு வருவான். அவன் எங்கள் டிஃபென்ஸ். ஆள் குட்டை, அகலம், பீரோவை நகர்த்தினாலும் அவனை நகர்த்த முடியாது. முன்னால் கோல் அடிக்கிறவன் அப்பாண்டைராஜ். அப்பாண்டை என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். வந்தவாசிப் பக்கம் ஜைனக் குடும்பம், இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். ஒல்லியாக இருப்பான், ஓடினால் பிடிக்க முடியாது, பேசினால் அதைவிடப் பிடிக்க முடியாது. நான் யார் என்று கேட்கிறீர்களா? ரிசர்வ் கோல்கீப்பர். கோல்கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் நான் ஆடலாம். அந்தப் படுபாவிக்கு மூன்று வருஷமும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அதனால்தான் எல்லா மேட்சையும் உட்கார்ந்த இடத்தில் நிம்மதியாகப் பார்த்தேன், இன்றைக்கு எல்லாவற்றுக்கும் சாட்சி நானே.

எங்கள் கிரவுண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும் இல்லையா, வெளியூர் பஸ்களைக் கொண்டுவந்து எங்கள் கிரவுண்டில்தான் நிறுத்துவார்கள். மழைச் சேற்றில் டயர் பதிந்து, பிறகு காய்ந்து, பொங்கல் வரும்போது கிரவுண்டு முழுக்கக் கல்லாய் இறுகின பள்ளங்கள். பொங்கல் முடிந்த கையோடு அதன் மேல்தான் காலேஜ்களுக்கு இடையிலான டோர்னமென்ட். பந்தை இந்தப் பக்கம் அடித்தால் அது தன் இஷ்டத்துக்கு அந்தப் பக்கம் போகும். வெளியூர் டீம்கள் வந்து இறங்கியதும் தலையில் கை வைக்கும். எங்களுக்கு எந்தப் பள்ளத்தில் பந்து எப்படித் திரும்பும் என்பது மனப்பாடம் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். உள்ளுக்குள் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

டோர்னமென்ட் கப்பைவிட எல்லாருக்கும் கண் பெஸ்ட் பிளேயர் கப்பின் மேல்தான். அது தகுதியானவனுக்குப் போன வருஷத்தை விரல்விட்டு எண்ணலாம். ஒரு வருஷம் ஃபைனலில் ஒரு பந்துகூடத் தன்னிடம் வராத கோல்கீப்பர் வாங்கினான், சட்டை கசங்காமல் இருந்ததால் கொடுத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டோம். இன்னொரு வருஷம் சீஃப் கெஸ்ட்டுக்குச் சொந்த ஊர்க்காரன். அவன் பந்தை உதைத்ததைவிட ஆளை உதைத்ததுதான் ஜாஸ்தி. ஆனால் இந்த வழக்கெல்லாம் எங்கள் வழக்குக்கு முன்னால் நிற்காது.

நாங்கள் ஃபைனலுக்கு வந்த வருஷம் புதுசாக மஞ்சள் பனியன் எடுத்தோம். வெள்ளைத் துணியில் நம்பர் வெட்டி முதுகில் தைக்க டெய்லரிடம் கொடுத்தோம். அவருக்குக் கல்யாண சீசன், அவசரம். ஏழுமலையின் ஆறாம் நம்பரைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். மேட்ச் அன்றைக்கு மத்தியானம் பையைப் பிரித்தால் டீமில் இரண்டு ஒன்பது. அப்பாண்டையும் ஒன்பது, ஏழுமலையும் ஒன்பது. பிரித்துத் தைக்க நேரமில்லை. யார் பார்க்கப் போறாங்க, போட்டுக்கோ என்றார் கேப்டன். இரண்டு பேரும் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு கோலில் ஜெயித்தோம். அடித்தது அப்பாண்டை. எப்படி அடித்தான் என்பதில்தான் சிக்கல். பந்து ஒரு டயர் பள்ளத்தில் விழுந்து, எகிறி, அவன் முட்டியில் பட்டு உள்ளே போனது. வேண்டுமென்றே முட்டியைக் கொடுத்தேன் என்பது அவன் கட்சி. அப்படியென்றால் கப்பை அந்தப் பள்ளம் போட்ட பஸ்ஸுக்குத்தான் கொடுத்திருக்கணும் என்பது ஏழுமலை கட்சி. ஏழுமலை என்ன செய்தான் என்றால், இரண்டாம் பாதி முழுக்க எதிர் டீமை ஒண்டி ஆளாக மறித்தான். கடைசியில் கோலுக்குள் போக இருந்த ஒரு பந்தை மூஞ்சியால் தடுத்தான். முன்பல் பாதி உடைந்துபோயிற்று. இன்றைக்கும் வாயைத் திறந்து காட்டுவான்.

மேட்ச் முடிந்தும் சீஃப் கெஸ்ட் பேச்சை முடிக்கவில்லை. இங்கேதான் விதி விளையாடியது. அப்பாண்டை வீட்டில் பொழுது இறங்கினால் சாப்பிட மாட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பரவாயில்லை, எங்களுக்கு மேற்கே மலை. சூரியன் மலைக்குப் பின்னால் போனாலே பொழுது போனதாக அவன் அத்தை கணக்கு. சீஃப் கெஸ்ட் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், சூரியன் மலை விளிம்பைத் தொட்டுவிட்டது. அப்பாண்டை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் ஓடினான். அவன் முதல் வாய் லெமன் சாதம் வைக்கும்போது மைக்கில் கூப்பிடுகிறார்கள்: பெஸ்ட் பிளேயர், ஒன்பதாம் நம்பர்.

கூட்டத்தில் இருந்த ஒன்பது ஒன்றுதான். நாலு பேர் பிடித்துத் தள்ளினார்கள், ஏழுமலை மேடை ஏறிவிட்டான். அப்பாண்டை கை கழுவாமல் ஓடிவந்து பார்த்தபோது கப்பு ஏழுமலை கையில், போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது. ரெண்டு நாள் கழித்து மூன்று பேரும் சைக்கிளில் சீஃப் கெஸ்ட் வீட்டுக்கே போனோம். எந்த ஒன்பதைச் சார் சொன்னீங்க என்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசித்தார். "நல்லா ஓடினானே ஒரு பையன், அவன்தான்பா" என்றார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன்.

காலேஜ் முடிந்து அப்பாண்டைக்கு வேங்கிக்காலிலேயே கவர்மென்ட் ஆபீஸில் வேலை. ஏழுமலை மல்லாட்டை வியாபாரத்தில் இறங்கினான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கம் ரோட்டு டீக்கடையில் மூன்று பேரும் ஆஜர். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இருக்கும் ஞாயிறு மட்டும் கோர்ட் விடுமுறை. டீ வரும், எவனாவது ஒருத்தன் "முட்டி" என்பான் அல்லது "பல்" என்பான், அவ்வளவுதான், நாஷ்டா வேளை தாண்டிப் போய்விடும். வீட்டில் எனக்கு விழுந்த வசவுக்கு அளவில்லை. பக்கத்து பெஞ்சில் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் எப்போதும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவரையே நடுவராக இழுத்தோம், ஃபுட்பால் தெரிந்த நாட்டுக்காரராச்சே. அப்பாண்டை தன் இங்கிலீஷில் முழு வழக்கையும் சொன்னான். மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரெண்டு பேரும் ஒன்பதுதானே, அப்போ ரெண்டு பேரும் ஜெயித்த மாதிரிதான் என்று சிரித்தார். ஞானிகள் அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்கு வேண்டியது ஞானமா, தீர்ப்பு. அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்று அவரைத் திட்டினார்கள்.

ஆனால் ஒன்று. அப்பாண்டை சிரித்துக்கொண்டே பேசுவான், ஏழுமலைக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன். கப்பு அவன் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. ஆனால் பொண்டாட்டியோ பிள்ளைகளோ அதைக் காட்டி எதாவது கேட்டால், "கெடச்சுது" என்று மட்டும் சொல்வான், "வாங்கினேன்" என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அப்பாண்டை வாயால் ஒரு வார்த்தை. நீதான்டா நல்லா ஆடினே என்ற ஒரே வார்த்தை. அதை அந்தக் கஞ்சன் தரவேயில்லை. நான் தனியாக ரெண்டொரு தரம் சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கினா உனக்கு இன்னாடா கொறஞ்சுடும் என்றேன். தலைகீழாத் தைச்ச கப்பு அது என்று கேலி செய்துவிட்டுப் போய்விட்டான்.

போன வருஷம் ஏழுமலைக்கு முட்டியில் ஆபரேஷன். அத்தனை உதைக்கும் அசராத ஆள், ஆபரேஷன் என்றதும் ஆடிப்போய்விட்டான். முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மயக்க ஊசி போட்டால் எந்திரிக்காமலே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்களாமே என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் சம்சாரம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி வெளியே போயிற்று. அப்பாண்டை கட்டிலில் அவன் கால்மாட்டில் உட்கார்ந்தான். பிறகு, ஆபீஸ் விஷயம் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

"ஏழுமலை, அந்தக் கப்பு உன்னுதுதான்டா. அன்னிக்கு நான் எங்க ஆடினேன்? பந்து வந்து முட்டியில பட்டுச்சு, அவ்ளோதான். சாப்ட்டுட்டு ஓடியாந்து பாத்தா நீ மேடையில நிக்கிற. வாயெல்லாம் ரத்தம். சரியான ஆளத்தான் கூப்ட்ருக்காங்கனு அப்பவே தோணுச்சு."

ஏழுமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் கேட்டான்: "அப்ப ஏன்டா இத்தினி வருஷம் இழுத்த?"

"ஒத்துக்கினு இருந்தா நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம எதுக்குடா வந்திருப்பீங்க?"

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது. ஏழுமலை எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, உடைந்த பல் தெரியச் சிரித்தான். மறுநாள் மாப்பிள்ளை மாதிரி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனான். போகும்போது நர்ஸிடம், நான் காலேஜ்ல பெஸ்ட் பிளேயர் கப்பு வாங்கினவன்மா, முட்டியை ஜாக்கிரதையாப் பாருங்க என்றானாம். வாங்கினவன்! அவன் சம்சாரம் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

முட்டி நன்றாகிவிட்டது. நடக்கிறான், குனிந்து மல்லாட்டை மூட்டைகளைப் பார்க்கிறான். ஆனால் மற்றதெல்லாம் மாறிவிட்டது. டோர்னமென்ட் நின்று வருஷங்கள் ஆயிற்று. கிரவுண்டில் பாதிக்குமேல் புதுக் கட்டடம் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் மகன் கடையை மெத்தை போட்ட கஃபே ஆக்கிவிட்டான், இஞ்சியும் தேனும் போட்டு ஒரு கண்ணாடிக் கோப்பையில் தருகிறான், அதைக் குடித்துவிட்டு யாராலும் சண்டை போட முடியாது. இருந்தாலும் ஏழுமலை குணமாகி வந்த முதல் ஞாயிறு மூன்று பேரும் அங்கேயே போய் உட்கார்ந்தோம்.

முட்டி எப்படி இருக்கு என்று கேட்டோம். நல்லாயிருக்கு என்றான். இந்த வருஷம் மழை கம்மி என்றான் அப்பாண்டை. ஆமாம் என்றேன். மல்லாட்டை விலை பற்றிக் கொஞ்சம் பேசினோம். ஏழுமலை இரண்டு தரம் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அப்பாண்டை கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, சரி, கிளம்பலாமா என்று எழுந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் மனைவி இட்லிப் பானையைக்கூட இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை. அத்தனை வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நான் வந்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னங்க, அவங்களோட எதனா சண்டையா?"

"சண்ட இல்ல," என்றேன். "அதான் வந்துட்டேன்."