தோளில் மாட்டிய கீபோர்டு

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. புனேயில், விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டுத் திருப்பத்திலேயே விழுந்தேன். பெரிய அடி இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பல வருடம் இரண்டு கையாலும் கீபோர்டு வாசித்தவளுக்கு அது பெரிய அடிதான். ஆறு மாதம் கீபோர்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

‘கீட்டார்’ என்றொரு கருவியைப் பற்றிச் சொன்னவர் நான் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் பாடகர். கசார்வாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் மராட்டிக்காரர். என்னை அண்ணி முறை வைத்து ‘வஹினி’ என்பார். கீட்டார் என்பது கிட்டார் போலத் தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன கீபோர்டு. வலது கை கட்டைகளில் ஓடும். இடது கை கழுத்துப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு பட்டையைத் தேய்த்து ஸ்வரத்தை வளைக்கும். மிச்சமிருக்கும் மூன்று விரல் போதும் என்றார்.

வாங்கி வந்ததும் என் கணவர் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார்.

“இதுக்குள்ள சத்தமே இல்லையா?”

“இல்லைங்க. எந்தக் கட்டைய அழுத்தினேன், எப்ப விட்டேன்னு லேப்டாப்புக்குச் சேதி மட்டும் அனுப்பும். சத்தமெல்லாம் லேப்டாப்புலதான்.”

“சேதி போய்ச் சேரலைன்னா?”

 அடுத்த மூன்று வாரம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ப்ளூடூத்தில் இணைத்து, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தபடி வாசித்துப் பார்ப்பேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. அறுபடாததே பயமாக இருந்தது. அலுவலக மீட்டிங்கின் நடுவே கீட்டாரின் பேட்டரி ஞாபகம் வந்து, பேச வந்ததை மறந்துபோவேன்.

நிகழ்ச்சி தளேகாவில், ஒரு தொழிற்சாலையின் குடும்ப விழா. காலை பதினொரு மணிக்கே பந்தல் நிறைந்திருந்தது, ஆளுக்கொரு போன்; அத்தனை போன்களின் அலைகளுக்கும் நடுவேதான் என் ப்ளூடூத்தும். லேப்டாப் மேசை எனக்குப் பத்தடி பின்னால். அதன் பக்கத்தில் கணவரை உட்காரவைத்து, எதையும் தொடவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

முதல் பாட்டு சரியாகப் போனது. இரண்டாவதில் ஓர் இடத்தில் பஞ்சமத்தைப் பிடித்து நிறுத்தி, விரலை எடுத்தேன். ஸ்வரம் நிற்கவில்லை. பல வயலின்கள் சேர்ந்தது போன்ற அந்த ஒலி ஸ்பீக்கரில் நீண்டுகொண்டே போனது. வேறு கட்டைகளை அழுத்தினேன், எதுவும் ஒலிக்கவில்லை. பஞ்சமத்தை அழுத்திய சேதி போயிருக்கிறது, விட்ட சேதி போகும் முன் இணைப்பு அறுந்துவிட்டது. தபலாக்காரர் தயங்கி நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். கணவர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அப்போது பாடகர் கண்ணை மூடி, அந்தப் பஞ்சமத்தையே தம்பூராவாக்கி ஆலாபனையைத் தொடங்கினார். முன்வரிசையில் பேச்சு அடங்கியது. நான் மெல்ல மேசைக்குப் போனேன். எல்லா ஒலியையும் ஒரேயடியாக நிறுத்த மென்பொருளில் ஒரு பட்டன் உண்டு. அதற்குப் பெயரே ‘பேனிக்’, அதாவது பதற்றம். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய்விட்டேன். ஆனால் இப்போது நிறுத்தினால் அவர் அந்தரத்தில் நிற்பார். ஆலாபனையில் அவர் கீழிறங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன். அவர் என் பக்கம் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அழுத்தினேன். பிறகு கேபிளைச் செருகி, மேசையை ஒட்டி நின்றே மீதிப் பாட்டுகளை வாசித்தேன்.

கைதட்டியவர்கள் அதையும் பாட்டின் பகுதி என்றே நினைத்திருக்க வேண்டும். டீ குடிக்கும்போது, எப்படி அவ்வளவு சீக்கிரம் யோசித்தீர்கள் என்று பாடகரிடம் இந்தியில் கேட்டேன்.

“நான் எங்க வஹினி யோசிச்சேன்? உங்க முகத்தப் பார்த்துப் பயந்துட்டேன். வாயத் திறந்தேன், வந்துச்சு” என்றார். 

அடுத்த மாதம் இன்னொரு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு நீளமான கேபிள் ஒன்று வாங்கி வந்து கீட்டாரின் உறைக்குள் வைத்தேன்.