இரண்டு லட்சம் பார்த்த மிளகு

கூரைத் தகரம் ஓட்டையாகிப்போன வருடம் அது. மிளகு காய்ந்த கையோடு வியட்நாமின் சூ சே ஊர்க்காரர் லுயென் மொத்தத்தையும் வியாபாரியிடம் கொடுத்துவிட்டார். மழை வருவதற்குள் விலை இரட்டிப்பானது. பொறுத்திருந்து விற்ற மைத்துனர் காங் புதுக் காரை லுயெனின் வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்தினார். காப்பிக் கடையில் லுயெனுக்கு 'அவசரம்' என்றே பேர் விழுந்தது.

"அவசரம் வந்தாச்சு, காப்பிய சீக்கிரம் ஊத்துங்கப்பா" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

அடுத்த அறுவடையை அவர் விற்கவில்லை. மூட்டைகளை முன்னறையில் கூரை முட்ட அடுக்கினார். கட்டிலைக் கழற்றி வெளியே சாத்திவிட்டு, அவரும் மனைவி தோவாவும் மகளும் அடுப்படியில் பாய் விரித்தார்கள். விலை கிலோவுக்கு அந்நாட்டுப் பணத்தில் இரண்டு லட்சம் தொங் வரை ஏறியது. வியாபாரி லாரியோடு வந்து நின்றார். தோவா கொடுத்துவிடலாம் என்றாள். இன்னும் ஏறும் என்று லுயென் லாரியைத் திருப்பி அனுப்பினார். அந்தத் தெம்பில் நிலத்தை வங்கியில் அடகு வைத்து, காப்பிச் செடிகளில் பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கும் மிளகுக் கொடி நட்டார்.

அதோடு விலை இறங்கத் தொடங்கியது.

"ரெண்டு லட்சம் பாத்த மிளகுடி இது. அந்த விலை திரும்பி வரட்டும், அன்னைக்கே குடுத்துடறேன்" என்றார். ஒன்றரை லட்சத்துக்கு வந்தபோது, ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிடைத்தால் போதும் என்றார். லட்சத்துக்கு வந்தபோது ஒன்றரை கேட்டார். விற்கச் சொன்னவர்களைத் தூரத்தில் கண்டாலே வேறு வழியில் திரும்பிவிடுவார். காப்பிக் கடையில் இப்போது யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. காங் உட்பட எல்லோர் வீட்டிலும் மூட்டைகள் இருந்தன. விலை ஏறும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் புதுக்கொடிகள் வேரழுகிச் சாய்ந்தன.

ஒருநாள் சாப்பாட்டின்போது தோவா கேட்டாள். "இப்ப உங்க கையில காசு இருக்குன்னு வைங்க. இந்த விலைக்கு ஒரு அறை நிறைய மிளகு வாங்கிப் போடுவீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"தினமும் காலையில எழுந்து விக்கமாட்டேன்னு சொல்றப்ப, அதைத்தானே வாங்கிட்டிருக்கீங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. ஆனால் விற்றுவிட்டால், லாரியைத் திருப்பி அனுப்பியது தப்பு என்று ஆகிவிடும். மூட்டைகள் வீட்டில் இருக்கும்வரை அந்த நாள் இன்னும் முடியாத மாதிரி இருந்தது. அன்றும் அவர் விற்கவில்லை.

கடைசியில் வங்கிக்காரர் நிலத்தை அளக்க ஆள் அனுப்பியபோதுதான் விற்றார். கால் பங்கு விலைகூடத் தேறவில்லை. நிலத்திலும் பாதி போயிற்று. முன்னறை காலியான பிறகும் அவர் அடுப்படியிலேயே படுத்தார்.

மிச்சமிருந்த காப்பிச் செடிகள் அந்த வருடம் நன்றாகக் காய்த்தன. லுயென் பழம் சிவக்கும் முன்பே, தோட்டத்து ஓரத்தில் வண்டியோடு நின்றவனுக்கு, என்ன விலை என்றுகூடக் கேட்காமல் பச்சையாகவே அளந்து கொடுத்தார். காயவைத்து விற்றிருக்கலாமே என்றாள் தோவா.

"என்னால காத்திருக்க முடியல" என்றார்.

அடுத்த வாரமே காப்பி விலை ஏறியது. தோவா அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.