இரண்டு பேர் ஓட்டிய கார்

கிளட்ச் உரசும் இரும்புச் சக்கரமான ஃபிளைவீலைக் காரிலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அதன் முகமெங்கும் நீலம் பூத்திருந்தது. தாங்க முடியாத சூடு ஏறினால் இரும்பு அப்படித்தான் நிறம் மாறும். நடுவே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கிளட்சைப் பாதி மிதித்தபடியே யாரோ வண்டியை ஏற்றத்தில் நெடுநேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் என்பதும் எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தேன். மானேஜரைத் துரை என்போம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே பேர்தான் உட்காரலாம். நல்ல சாலைக்கென்று செய்த வண்டியை எங்கள் மலையில் ஏற்றினால் அது என்ன செய்யும், பாவம். துரை ஓட்டுவார், இல்லையென்றால் டிரைவர் அண்ணன் ஓட்டுவார். அண்ணன் கம்பத்துக்காரர். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அதையும் நம்பாமல் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். துரையோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து ஏற்றத்தில், கங்காணிகளைத் திட்டி முடிக்கும்வரை கிளட்சிலேயே வண்டியைப் பிடித்திருப்பார். கருகல் வாசனை வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அடிக்கும்.

ஒரே வருஷத்தில் இரண்டாவது தடவை கிளட்ச் போயிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வேறு ஃபிளைவீல் வந்துசேர மூன்று வாரம். மழை விடவில்லை. ஷெட்டில் நானும் அண்ணனும்தான். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தக் கருவி கிடையாது. காப்பிச்செடிக் கம்பைச் சீவி, டேப் சுற்றி வைத்துக்கொண்டோம். அண்ணன் மல்லாக்கப் படுத்துக் கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்க, அதன் தண்டைப் பிளேட்டின் நடுத்துளைக்குள் செலுத்தப் பார்த்தேன். நாலு தடவை நுழையவில்லை. "மெதுவாப் பாரு தம்பி, நான் எங்கயும் போகல" என்றார்.

மறுநாள் துரை வந்தார். பழைய ஃபிளைவீலைக் காலால் தள்ளி, "இது யார் செஞ்ச வேலை?" என்று கேட்டார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அண்ணனுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். "மலை ரோடுங்க தொரை, யார் ஓட்டினாலும் தேயும்" என்றேன். யாரையும் காட்டிக்கொடுக்காமல் தப்பித்துவிட்டதாக நினைப்பு. ஓட்டியது இரண்டு பேர். துரை தன்னைத்தானே வேலையை விட்டு நீக்கிக்கொள்வாரா? அந்த வாரமே அண்ணன் குடும்பத்தோடு மலையிறங்கினார்.

நாலு மாதத்தில் கிளட்ச் மறுபடியும் போனது. இப்போது பழி போட வேறு ஆளில்லை. துரை ஷெட் பக்கமே வரவில்லை. கம்பத்துக்குப் போய் டிரைவரைக் கூட்டிவரும்படி எனக்குச் சொல்லியனுப்பினார். நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்ற தெம்பில் குமுளியில் பஸ் ஏறினேன்.

அண்ணன் வாசலில் ஒரு டிராக்டருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"தொரை தன் தப்புன்னு சொன்னாரா?"

"இல்லண்ணே."

"சரி, அவரு சொல்ல மாட்டாரு. நீ சொன்னியா?"

கிரீஸ் டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. காப்பி கொடுக்கச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லாமலே, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரே எழுப்பியும் விட்டார்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் துரையிடம் உண்மையைச் சொல்லத் துணியாமல், "அவருக்கு அங்கயே வேலை கிடைச்சிருச்சுங்க தொரை" என்றுதான் சொன்னேன். இத்தனை வயதுக்குப் பின் நினைத்தாலும் என் மேலேயே அலுப்புத்தான் மிஞ்சுகிறது. என் வீடு பிழைத்தது. வாசலைத் திறந்தால் நேர் எதிரே அண்ணன் குடியிருந்த வீடு. ஓய்வு பெறும்வரை பின்கதவு வழியாகவே வேலைக்குப் போனேன்.